ஒன்றரைத் தலையும் ஆசியாக் கண்டமும்

போன மாதத் தொடக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து ஆசியாக் கண்டம் முழுவதையும் ஒரே திரையில் பார்த்தேன். பார்த்து முடித்ததும் சாப்பாடும் போட்டார்கள்.

ஒரகடத்தில், கார்களுக்கான ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னித் தரும் ஒரு தொழிற்சாலை. வெளிநாட்டு முதலாளி. ஆசியாவில் பல நாடுகளில் கிளை உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களை மொத்தமாக உட்காரவைத்து நிர்வாகம் பேசும். கேன்டீனில் இடம் போதவில்லை என்று இந்த வருடம் மண்டபம் பிடித்திருந்தார்கள். நடுவில் அரைமணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேச ஓர் ஆள் வேண்டும். வாரா வாரம் இந்தப் பேப்பரில் உங்களிடம் வாயடிக்கிறேன் அல்லவா... குன்றத்தூருக்கே கார் அனுப்பி என்னை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேடையில் முந்தைய நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளை யாரும் பிடுங்கவில்லை. அவற்றின் மேலேயே திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பெயரின் கடைசி எழுத்து மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எச்.ஆர். மேலாளர் மைக்கைப் பிடித்தார். இளவயது. நல்ல பையன். நல்ல பையன்தான் — இதைக் கடைசிவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் ஒரு படம் வந்தது. கீழே ஆசிய நாடுகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் மேலே ஒரு கம்பம். அந்த நாட்டில் ஒரு வருடத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியதோ, அதுதான் கம்பத்தின் உயரம். ஒரு நாட்டின் கம்பம் மேலே தொங்கிய பூச்சரத்தைத் தொட்டுவிடும்போல நின்றது. இன்னொரு நாட்டினுடையது தரையோடு தரையாகக் கிடந்தது. இந்தியாவின் கம்பம் ஆரஞ்சு நிறத்தில், குட்டையாக, சமர்த்தாக நின்றது.

"பாத்தீங்களா? ஆசியாவுல நாம எவ்வளவு சேஃப்பா இருக்கோம்னு... அந்தப் பெரிய கம்பத்து நாட்டு ஜனங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க," என்றார் மேலாளர். "நம்ம நாட்டுல விலைவாசி எவ்வளவு ஏறிச்சோ, அதுக்கு மேலயும் கொஞ்சம் சேர்த்துத்தான் இந்த வருஷம் உங்களுக்கு இன்க்ரிமென்ட். அதாவது நிஜமாவே உங்க சம்பளம் ஏறுது."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "சார், இது கம்பெனி போட்ட கணக்கா, கவர்மெண்டு போட்டதா?"

"கவர்மென்ட் டேட்டாதாம்மா. ஒவ்வொரு நாட்டு கவர்மென்ட்டும் கொடுத்தது."

அவர் போனைத் தூக்கித் திரையை ஒரு படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் பேசினேன். சிரித்தார்கள். பிறகு பந்தி.

பக்கத்து இலையில் மேலாளர். அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். தலைமையகத்தில் தயாரித்த படமாம். எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் அதே படம்தான் போகுமாம். அந்தந்த நாட்டின் கம்பத்துக்கு மட்டும் ஆரஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும்.

"அப்ப அந்த உசரமான கம்பத்து நாட்டுல இதைப் போட்டு என்ன சொல்வீங்க?"

அப்பளத்தை உடைத்துக்கொண்டே, ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "அங்க தீம் வேற சார். 'நாடே நெருக்கடியில இருக்கு, கம்பெனி பிழைச்சாத்தான் நாம பிழைப்போம், இந்த வருஷம் பொறுத்துக்கங்க...'"

"தரையோட கிடந்துச்சே, அந்த நாட்டுல?"

"விலையே ஏறல, இன்க்ரிமென்ட் எதுக்கு?"

எனக்குப் புரையேறிவிட்டது. படம் ஒன்று. பேச்சு மூன்று. விலை எக்கச்சக்கமாக ஏறினால் பொறுத்துக்கொள். ஏறாவிட்டால் கேட்காதே. கொஞ்சமாக ஏறினால் அடுத்த நாட்டுக்காரனைப் பார்த்துச் சந்தோஷப்படு. எந்தக் கம்பத்தின் கீழே போய் நின்றாலும் கையில் விழுவது ஒன்றுதான். இதற்கு எதற்கு ஒரு கண்டம்?

கை கழுவும் இடத்துக்கு அந்தப் பின் வரிசைப் பெண் வந்தார். "சார், கேன்டீன்ல பேப்பர் கிடக்கும். உங்க பக்கத்த மட்டும் கிழிச்சு எடுத்துட்டுப் போயிருவேன்," என்றார். ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். என் நம்பரை வாங்கி அதை எனக்கும் அனுப்பினார்.

பெயர் இசக்கியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்து ஊர். கான்ட்ராக்டில் வேலை. கணவர் கேரளாவுக்குப் போனவர் போனவர்தான், பேச்சுவார்த்தை இல்லை. மகள் மதுமிதா நாலாம் வகுப்பு. ஊரில் அண்ணன் வீட்டில் வளர்ந்த பிள்ளையை இரண்டு வருடம் முன்புதான் தன்னோடு கூட்டிவந்து, மண்ணூரில் ஓர் அறை எடுத்திருக்கிறார். எல்லாம் நான் கைக்குட்டையைத் தேடி எடுத்துக் கை துடைப்பதற்குள் சொன்னது.

"அண்ணன் பிள்ளைகளோட வளந்தாள்லா சார், அதுக கூப்பிடுத மாதிரி இவளும் என்னைய அத்தைன்னுதான் கூப்பிடுவா. இங்கன வந்து ஆறேழு மாசம் கழிச்சுத்தான் அம்மான்னா."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சம்பளம் ஏறிய செய்திக்குக்கூட அப்படி மலரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன்.

"சார், ஒரு உதவி. வீட்டு ஓனரு வாடகையக் கூட்டணும்னு நிக்காரு. அந்தப் படத்தக் காட்டிட்டேன். நம்ப மாட்டேங்காரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னீயன்னா கேப்பாரு."

"எந்தப் படத்தம்மா?"

"ஆசியாப் படம் சார். இவ்வளவுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு கவர்மெண்டு போட்டிருக்குல்லா."

சிரிப்பு வந்தது எனக்கு. சத்தியமாக வந்தது. போனை வைத்துவிட்டு யோசித்தபோது போய்விட்டது. இசக்கி வேலை பார்ப்பது ஒயர்களைச் சோதிக்கும் லைனில். அங்கே சுவரில் மாட்டிய ஒவ்வொரு படமும் ஒரு வரம்பு. ஒயரின் நீளம் இந்தக் கோட்டைத் தாண்டினால் ரிஜெக்ட். தடிமன் இந்தக் கோட்டைத் தாண்டினால் ரிஜெக்ட். ஷிப்டு முழுக்கக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. இந்தியாவின் கம்பமும் அதற்கு அப்படித்தானே தெரியும்? இதற்கு மேல் யார் ஏற்றினாலும் ரிஜெக்ட்.

மண்ணூருக்கு ஸ்கூட்டரில் போனேன்.

வரிசையாக அறைகள். ஓர் அறை, அதிலேயே சமையல், வெளியே பொதுக் குழாய். இசக்கியின் அறைச் சுவரில் பச்சை கிரேயானில் ஒரு கிளி. ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும். ஒரு சிறகுக்கு மட்டும் கலர் அடித்து முடித்திருந்தது. மதுமிதா மறு சிறகுக்குப் பச்சை தீர்ந்துபோனதாகச் சொன்னாள். அவள் கவலை அவளுக்கு.

ஓனர் தேவராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மண்ணூர்க்காரர். இருந்த நிலத்தை விற்று, மிச்சமிருந்த மனையில் இந்த அறைகளைக் கட்டியவர்.

இந்தப் பக்கத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வாடகை வீட்டுக்கு இல்லை, தலைக்கு. அறைக்குள் எத்தனை தலையோ அத்தனை மடங்கு. குழந்தைகளுக்குப் பஸ்ஸில் அரை டிக்கெட் போடுவதுபோல அரைத் தலை. இசக்கியின் அறையில் இருப்பது ஒன்றரைத் தலை.

"வாங்க சார். நீங்கதான் பேப்பர்ல எழுதறவரா? இன்னா சார் இது, இந்தப் பொண்ணு ஒரு படத்த வெச்சிக்கினு என் உசுர எடுக்குது."

இசக்கி போனை நீட்டினார். தேவராஜ் வாங்கி இரண்டு விரலால் விரித்தார். அவர் விரல் நேராக அந்த உயரமான கம்பத்தில் போய் நின்றது.

"இது எந்த ஊரு?"

சொன்னேன்.

"அங்க வூடு கட்டி வாடகைக்கு வுட்டவன் இன்னா சொகமா கீறான் பாரு."

இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, அத விடுங்க. நம்ம நாட்டப் பாருங்க. ஆரஞ்சுக் கலரு. அதுக்கு மேல ஏத்தக் கூடாதுல்லா? சார், நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

என்ன சொல்வேன், சொல்லுங்கள்? பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆமாம் ஐயா, இது உத்தரவு, மீறினால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று ஒரு போடு போட்டிருக்கலாம். ஆனால் தேவராஜ் விவரமான ஆள். நாளைக்கே நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து இந்தப் பெண்ணிடம்தான் கத்துவார்.

உண்மையைச் சொன்னேன். "இது உத்தரவு இல்லம்மா. இவ்வளவு ஏறிச்சுன்னு அளந்து சொல்றது. இவ்வளவுதான் ஏறணும்னு சொல்றது இல்ல."

அதையும் எப்படி அளக்கிறார்கள்? ஜனங்கள் வாங்கும் சாமான்களையெல்லாம் ஒரு கூடையில் போடுகிறார்கள். அரிசி, எண்ணெய், துணி, மருந்து, பஸ் டிக்கெட், வாடகை. நாடு முழுக்க விலை கேட்டு, கூட்டிப் பிரித்து, ஒரே எண் ஆக்குகிறார்கள். ஒரு நாட்டின் கூடை மாதிரி இன்னொரு நாட்டின் கூடை இருக்காது. அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து உயரம் பார்ப்பதே கொஞ்சம் ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டிய வேலை. கம்பம் குட்டை என்றால் விலை இறங்கியது என்றும் அர்த்தம் இல்லை. மெதுவாக ஏறுகிறது, அவ்வளவே. போன வருடம் ஏறினது மேலேயே பாய் விரித்துப் படுத்திருக்கும்.

இவ்வளவையும் நான் விளக்கவில்லை. "நாடு மொத்தத்துக்கும் சராசரிம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்தக் கல்யாண மண்டபத்தில் முன் வரிசைக்கு ஏசி, பின் வரிசைக்கு வியர்வை. சராசரி எடுத்தால் எல்லோரும் சௌகரியமாக இருந்தோம். இசக்கி உட்கார்ந்திருந்தது பின் வரிசை.

"அப்ப மண்ணூருக்கு எவ்வளவு சார்?"

"அது அதுல இல்லம்மா."

அவர் போனை வாங்கிப் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டார். சாட்சி சொல்ல என்னைக் கூட்டிவந்தவர் அவர். நான் சொன்ன சாட்சி எதிர்த்தரப்புக்கு உதவியது. எனக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது.

தேவராஜ் ஜெயித்த மாதிரி பேசவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நா ஒண்ணும் ராட்சசன் இல்ல சார். போர்ல வர்றது உப்புத் தண்ணி. லாரித் தண்ணிதான் வாங்கி வுட்றேன். நெலம் வித்த துட்டு எப்பவோ பூட்ச்சி. இந்த ரூமுங்கதான் எனக்கு சோறு. சரி, அதுகூட மேட்டரு இல்ல. அதோ அந்த மூணாவது வூட்டப் பாத்தீங்களா? கான்ட்ராக்டர் ஒருத்தன் வந்தான். ஒரு ரூமுக்கு ஆறு தல. தலைக்கு இவ்ளோன்னு மொத்தமா அட்வான்ஸ் குட்த்துட்டு அக்ரிமென்ட் போட்டுக்கினு போய்ட்டான். லேடீஸ் ஹாஸ்டலாம். அடுத்த வூட்டுக்காரனும் வூட்ட குட்த்துட்டான். என்னியும் கேட்டுக்கினே கீறான். ஆறு தல வர்ற எடத்துல ஒன்றர தல வெச்சிக்கினு நா இன்னா பண்றது? மூணு தலைக்காவது குடுக்க சொல்லுங்க, இருக்கட்டும்."

"யாருக்காக எடுக்கற ஹாஸ்டல்?"

"யாருக்கு? இந்தப் பொண்ணு வேல செய்ற கம்பெனிக்குத்தான்."

இசக்கி அறைக்குள் போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

யோசித்துப் பாருங்கள். விலை எவ்வளவு குறைவாக ஏறுகிறது என்று மண்டபம் பிடித்துத் திரை கட்டிக் காட்டியதும் அந்தக் கம்பெனி. அந்தத் தெருவுக்குள் ஆள் அனுப்பி விலையை ஏற்றியதும் அதே கம்பெனி. ஏறியதை எந்தக் கம்பத்தில் காட்டுவது? ஆசியாப் படத்தில் அந்தத் தெரு ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் இசக்கி குடியிருப்பது ஆசியாவில் இல்லையே, அந்தத் தெருவில்தானே?

அங்கிருந்தே மேலாளருக்குப் போன் போட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினேன். அவர் கோபப்படவில்லை.

"சார், ஹாஸ்டல் அட்மின் டிபார்ட்மென்ட். நான் சம்பளம் மட்டும்தான். ரெண்டும் வேற வேற பட்ஜெட். அவங்க எவ்வளவுக்கு எடுக்கறாங்கன்னே எனக்குத் தெரியாது... அந்தம்மா பேர் சொல்லுங்க, ஹாஸ்டல்லயே ஒரு பெட் அரேஞ்ச் பண்றேன்."

"குழந்தை?"

"குழந்தைங்க பாலிசில இல்ல சார்."

நல்ல பையன் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? தன்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்றார். செய்யவும் செய்தார்.

இசக்கியும் சும்மா இருக்கவில்லை. நாலு தெரு அலைந்தார். சேரப்பணஞ்சேரி வரை போய்ப் பார்த்தார். போன இடமெல்லாம் ஏதோ ஒரு கம்பெனிக்காக ஏதோ ஒரு கான்ட்ராக்டர் முன்னாலேயே வந்து போயிருந்தார். இன்னும் தள்ளிப் போனால் வாடகை குறையும். ஆனால் செகண்ட் ஷிப்டு முடிந்து வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே யார்? மண்ணூரில் பக்கத்து அறைப் பெண் இரவுச் சோறு ஊட்டி, தூங்கவும் வைத்துவிடுவார். புது இடத்தில் அதற்கு ஒரு ஆளை எங்கே தேடுவது? கைதட்டி வாங்கிய இன்க்ரிமென்ட் முழுவதையும் வாடகையில் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்படியும் மூன்று தலை வரவில்லை.

"பரீட்ச முடியறவரிக்கும் இரு. அதுக்கு மேல என்னால ஆவாது," என்றார் தேவராஜ். அதுவரை பழைய வாடகையே வாங்கிக்கொண்டார். கிளி வரைந்ததற்கு மட்டும், சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்.

பரீட்சை முடிந்தது. சங்கரன்கோவிலிலிருந்து அண்ணன் வந்தார். லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று மதுமிதாவுக்கு ஒரே குஷியாம். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியது அவளுக்குத் தெரியாது. அண்ணன் பையின் அடியில், துணிக்குக் கீழே வைத்துவிட்டார்கள். "பெரிய லீவு முடிஞ்சதும் வந்துருவேன், என் கிரேயானை யாருக்கும் குடுக்காத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

இந்த வாரம் இசக்கியிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. 'ஹாஸ்டல் கிடைச்சிருச்சு சார். நீங்க பேசினதாலதான். ரொம்ப நன்றி' என்று கீழே எழுதியிருந்தார்.

ஓர் அறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புக் கட்டில்கள். கம்பிகளில் காயும் துணிகள், சுவரோரம் வரிசையாகப் பெட்டிகள். சும்மா பார்த்துவிட்டு ஒரு வணக்கம் போடலாம் என்று இருந்தேன். அப்போதுதான் ஒரு கட்டிலின் கம்பிக்குப் பின்னால் பச்சையாக ஏதோ தெரிந்தது. தேவராஜ் மாதிரியே இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன்.

கிளி. ஒரு சிறகுக்கு மட்டும் கலர்.

உடனே கூப்பிட்டேன். "இசக்கி, இது..."

"ஆமா சார். அதே ரூம்புதான்." சிரித்தார். "ஓனரு கையெழுத்துப் போட்டுட்டாரு. எனக்கு மேக்கட்டிலு. சம்பளத்துல பிடிச்சுக்கிடுதாவ. கம்பெனி சலுகைன்னு நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கு."

தேவராஜ் வெள்ளை அடிக்கவில்லை. அட்வான்ஸில் பிடித்தது பிடித்ததுதான்.

"பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல சார். தினமும் போன் பண்ணுதா. எங்க இருக்கம்மான்னு கேக்கா. நம்ம வீட்லதான் இருக்கேன் தாயின்னு சொல்லுதேன். அது பொய் இல்லைல்லா சார்?"

பொய் இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? ஏற்கெனவே ஒருமுறை அவருக்கு உண்மையைச் சொல்லி நான் கிழித்தது போதும்.

"நேத்து போன்ல என்ன சொல்லுதா தெரியுமா? கிளியத் தொடச்சிராத, லீவு முடிஞ்சு வந்து மத்த ரெக்கைக்குக் கலர் அடிக்கணும்ங்கா. அதான் சார், இங்கன உள்ளவங்ககிட்டயும் சொல்லிட்டேன், அந்தச் செவுத்துல ஒண்ணையும் மாட்டாதீங்கன்னு. கேட்டுக்கிட்டாவ. நல்ல பிள்ளைங்க."

எல்லோரும் நல்லவர்கள். மேலாளர் நல்லவர், தேவராஜ் நல்லவர், கட்டிலில் இருக்கும் பெண்கள் நல்லவர்கள். அந்தக் கண்டத்துப் படம்கூட ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் ஓர் அரைத் தலைக்கு அம்மா பக்கத்தில் படுக்க இடம் இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் அன்று அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்?

மேலாளர் நேற்று கூப்பிட்டார். அடுத்த வருடக் கூட்டத்துக்கும் நான்தான் வர வேண்டுமாம். இந்தியாவின் கம்பம் இன்னும் குட்டையாகிவிடுமாம்.

சிரிக்க வைக்க வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.